கண்மாய்ப் படகுக்குப் பொட்டு வைத்த கதை

பிளைவுட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். முப்பத்தைந்து வருடம் மதுரையில் அடுப்படி அலமாரியும் துணி அலமாரியும் செய்தவன், முழங்கால் இனி மடங்க மாட்டேன் என்று சொன்னதால் வீட்டில் உட்கார்ந்திருப்பவன் என்று சொல்லியிருந்தால் அது சரி. "படகு செஞ்சாரே, அந்த ஆளு" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால் அதுவும் சரிதான். ஆனால் சிரித்தவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதில் நான் அவ்வளவு நன்றாக நடந்துகொள்ளவில்லை.

பலகையை எப்படி அறுப்பது, எப்படி இழைப்பது என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குச் செல்போனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலை கெட்டுப்போய் நிற்கும்போது வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் படகு எதற்கு என்று கேட்பீர்கள். வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர் நம்முடையது. நானும் பெரியகருப்பனிடம் அதையேதான் கேட்டேன். அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி. இன்னும் சில குடும்பங்களோடு சேர்ந்து ஊர்க் கண்மாயை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தீவனம் போடத் தினமும் நடுத் தண்ணீருக்குப் போக வேண்டும். அதற்காகத் தெர்மாகோல் பாளங்களை அடுக்கிக் கயிற்றால் கட்டி ஒரு மிதவை வைத்திருந்தார். அது ஒருநாள் நடுக் கண்மாயில் இரண்டாகப் பிளந்துவிட்டது. தீவன மூட்டை ஒரு பாதியோடு போனது, தூக்குவாளி இன்னொரு பாதியோடு போனது, இவர் இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்குள் போனார். நீச்சல் தெரிந்தவர்தான். ஆனால் வேட்டி காலைச் சுற்றிக்கொண்டதில் மூன்று முறை முங்கி எழுந்திருக்கிறார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாண்டியம்மாள் அந்த மூன்று முறையையும் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே அவர் சட்டம் போட்டுவிட்டார். "இனிமே நீங்க தண்ணிக்குள்ள போகணும்னா நல்ல படகா ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. மொதல்ல நான் ஏறி உக்காந்து ஒரு சுத்து வருவேன். என் சேலைக்கரை நனையாம எறங்குனா நீங்க மீனு வளத்துக்கங்க. நனைஞ்சா குத்தகைய விட்டுட்டுப் பேசாம மாடு மேய்க்கப் போங்க."

பாண்டியம்மாளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை. பெரியகருப்பனுக்கோ அந்தக் கண்மாய்தான் உயிர். கெண்டை துள்ளுகிற சத்தத்தை வைத்து அது எத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லிவிடுவார். ஒருவேளை பொய்யாகவும் இருக்கலாம், பிடித்துப் பார்த்து யார் எடை போட்டார்கள்? ஆனால் சொல்லும்போது அவர் முகம் பூரித்துப் போகும்.

இதற்கு என்னை ஏன் தேடி வந்தார் என்றால், கே.கே. நகரில் இருக்கும் அவர் மகள் வீட்டு அடுப்படி நான் செய்தது. "சிங்க்குக்குக் கீழ நீங்க வச்ச பலகை ரெண்டு வருசமாத் தண்ணியிலயே கெடக்கு, ஊறவே இல்லண்ணே. அம்புட்டுத் தாங்குறவரு ஒரு கண்மாயத் தாங்க மாட்டீங்களா?" என்றார். இரண்டு வருடமாகத் தண்ணீர் சொட்டுகிறது என்றால் குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. புகழ்ந்து பேசினால் எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். ஒப்புக்கொண்டேன்.

பசை வாங்கக் காளவாசலில் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், இருபத்தைந்து வயது இருக்கும். வேதியியல் படித்தவராம். வழக்கமான வெள்ளைப் பசையில் பத்து கிலோ கேட்டேன். எதற்கு என்று கேட்டார். படகுக்கு என்றேன். நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது அலமாரிக்குண்ணே. தண்ணியில ஊறுனா பால்கோவா மாதிரி ஆயிரும்" என்று சொல்லி, இரண்டு டப்பா எபாக்ஸி எடுத்து வைத்தார். ஒன்றோடு ஒன்றைக் கலந்தால்தான் அது இறுகும். "ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்க, அது தீந்தப்புறம் அடுத்த டம்ளர். மொத்தமாக் கலந்துறாதீங்க" என்றார்.

நான் அலமாரி செய்ய ஆரம்பித்தபோது இந்தப் பெண் பிறந்திருக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டே கடையை விட்டு வந்தேன். நம் தொழிலில் வருகிற கெட்ட யோசனைகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

கண்மாய்க் கரையில் பெரியகருப்பனின் பம்புசெட் கொட்டகையில் வேலையைத் தொடங்கினோம். நானும் என் மனைவியின் தம்பி செல்வமும். செல்வம் நல்ல வேலைக்காரன். யோசிக்க மட்டும் ஆள் வைத்துக்கொள்வான், அந்த ஆள் நான்தான். முதல் நாளே அரை வாளி எபாக்ஸியை ஒரே மூச்சாகக் கலந்தேன். பத்து நிமிடத்தில் வாளி சுட்டது. அப்புறம் புகைந்தது. அப்புறம் பிளாஸ்டிக் வாளியின் அடி இளகித் தொங்கியது. செல்வம் அதை மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு ஓட, நான் பின்னாலேயே "விட்றாத மாப்ள, விட்றாத" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எதற்காக விடக்கூடாது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் கடைக்குப் போனேன். அந்தப் பெண் புது டப்பாக்களை எடுத்து வைத்து, மேலே ஒரு டீ டம்ளரையும் வைத்தார்.

அதற்குப் பிறகு டம்ளர் டம்ளராகத்தான் கலந்தேன்.

பதினாலடி நீளம், தட்டையான அடி, தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற விளிம்புதான் படகுக்கு உயிர். அந்த மூட்டு ஒட்டவில்லை என்றால் மற்றதெல்லாம் அலங்காரம். இதை நான் பாண்டியம்மாளிடமே பெருமையாக விளக்கினேன். அவர் இரண்டு நாத்தனார்களோடு கொட்டகைக்கு வந்திருந்தார், கையில் தாம்பாளம். வீட்டுக்கு நிலை வைக்கும்போது மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதில்லையா, அதே மாதிரி பசை போடுவதற்கு முன்னால் படகுக்கும் செய்ய வேண்டும் என்றார்.

"எந்த எடம்ணே முக்கியம்?"

நான் விளிம்பைக் காட்டினேன். இரண்டு பக்கமும் நடந்து நடந்து காட்டினேன். அவர் அந்த விளிம்பிலேயே வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். வழியாமல் நிற்க வேண்டும் என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்திருந்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்.

எண்ணெய் பட்ட இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. இது எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்டது. ஆனால் ஒரு பெண் சாமி கும்பிட்டு வைத்த பொட்டை, அவர் முதுகு திரும்பியதும் துணியால் துடைக்க எனக்குக் கை வரவில்லை. "தங்கச்சி, இங்க வேணாம், வெளிப்பக்கம் வைங்க" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. நல்ல காரியத்தில் குறுக்கே பேசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

"மச்சான், பொட்டு மேலயே போடவா?" என்று செல்வம் கேட்டான்.

"போடு, சாமி பாத்துக்கும்" என்றேன்.

சாமிக்கு எத்தனை வேலை இருக்கிறது, என் படகின் விளிம்பையும் அவர்தான் பார்க்க வேண்டுமா?

பசை காய்ந்தது. வர்ணம் அடிக்கவில்லை, ஆனாலும் படகு பார்க்க அழகாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம் என்று பெரியகருப்பன் குறித்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். மீன்குஞ்சு கொண்டுவரவும் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை மத்தியானம், சும்மா ஒரு பெருமைக்காகப் பசைக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"படகு முடிஞ்சிருச்சும்மா. நாளைக்குத் தண்ணியில விடுறோம்."

"மொதல்ல தண்ணியப் படகுல விடுங்கண்ணே. உள்ள ஊத்திட்டுக் கீழ குனிஞ்சு பாருங்க."

பெஞ்சு மேல் படகை வைத்து, பம்புசெட் குழாயால் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் விட்டோம். குனிந்து பார்த்தேன். விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. சிவப்பாக வடிந்தது.

"மச்சான், ரத்தம்!" என்று செல்வம் இரண்டடி பின்னால் போனான்.

"குங்குமம்டா" என்றேன். பொட்டு வைத்த இடம் ஒவ்வொன்றிலும், அளவெடுத்த மாதிரி, ஒரு சிவப்புச் சொட்டு.

அந்த நேரம் பார்த்துப் பெரியகருப்பன் உள்ளே வந்தார். குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. முதலில் அவர் செய்த காரியம் கொட்டகைக் கதவைச் சாத்தியதுதான்.

"அண்ணே, அவளுக்குத் தெரியாம அடைச்சிருங்கண்ணே."

செல்வம் அதற்குள் சிலிகான் துப்பாக்கியை எடுத்து என் கையில் வைத்துவிட்டான். சிங்க் ஓரத்தில் அடைப்போமே, அதேதான். "பாண்டியம்மாக்கா ஏறி எறங்குற பத்து நிமிசம் தாங்குனாப் போதும் மச்சான். அப்பறம் மெதுவாப் பாத்துக்கலாம்" என்றான்.

"அதான், அதான். பத்து நிமிசம்ணே" என்றார் பெரியகருப்பன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ நாளைக்கு வேணாம்னுட்டான்னா நான் சாகுற வரைக்கும் கரையிலதாண்ணே உக்காந்திருக்கணும்."

தம்பிகளே, தங்கைகளே, உண்மையைச் சொல்கிறேன், நான் சிலிகான் குழாயின் முனையை வெட்டிவிட்டேன். முதல் சொட்டின் மேல் சிலிகானை வைக்கப் போனேன். ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் நிறுத்தினேன்: ஈரப் பலகையில் அது ஒட்டுமா என்று சந்தேகம் வந்தது. நல்ல எண்ணமெல்லாம் இல்லை, தொழில் சந்தேகம்தான். மறுபடியும் கடைக்குப் போன் போட்டு, நிலைமையைச் சொல்லி, சிலிகான் வைக்கலாமா என்று கேட்டேன்.

அந்தப் பெண் திருப்பிக் கேட்டார்: "ஒட்டுமான்னு கேக்குறீங்களாண்ணே, மறைக்குமான்னு கேக்குறீங்களா?"

நான் கையிலிருந்த சிலிகான் துப்பாக்கியைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்:

"மறைக்கும். ஆனா அதுக்கப்பறம் அந்த எடத்துல எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது. எப்பவும் அது சிலிகான்லதான் நிக்கும். நாளைக்கு யாரு ஏறப்போறாங்கங்கறது எனக்குத் தெரியாது, தெனமும் யாரு ஏறப்போறாங்க?"

தினமும் ஏறப்போகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நின்றார். இடுப்பில் அதே வேட்டி. பாண்டியம்மாள் நாளைக்குப் பத்து நிமிடம் ஏமாறுவார், அவ்வளவுதான். அதை நம்பி இந்த மனிதர் வருடம் பூராவும் விடியற்காலையில் தனியாக நடுத் தண்ணீருக்குப் போவார். முங்குகிற நாளில் துணி துவைக்கிறவர்கள்கூடக் கரையில் இருக்க மாட்டார்கள். சிலிகானைக் கீழே வைத்தேன்.

"வாங்க, தங்கச்சிகிட்டச் சொல்லிருவோம்" என்றேன்.

"நீங்க சொல்லுங்கண்ணே, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று பெரியகருப்பன் போனவர்தான். அவரிடம் அப்போது மாடே கிடையாது.

பாண்டியம்மாள் மறுநாள் விருந்தாளிகளுக்காக வீட்டு வாசலில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். போகிற வழியில் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். எப்படிப்பட்ட பேச்சு தெரியுமா? பெருந்தன்மையான பேச்சு. தப்பு என் மேல்தான் என்று ஒத்துக்கொள்கிற மாதிரியும் இருக்கும், பொட்டுதான் காரணம் என்று அவருக்கே புரிந்துவிடுகிற மாதிரியும் இருக்கும். நீங்களும் உங்கள் வாழ்க்கையில் இந்த மாதிரி மன்னிப்புக் கேட்பீர்கள். கேட்கும்போது ரொம்ப நன்றாக இருக்கும்.

"தங்கச்சி, நீங்க பக்தியா வச்ச பொட்டு. அதுல எண்ணெய் இருந்திருக்கு. எண்ணெய் இருந்தா பசை புடிக்காது. அதை நான் கவனிச்சிருக்கணும், என் தப்புதான். பொட்டு வச்ச எடத்துல மட்டும் லேசாக் கசியுது. நாளைக்கு விட முடியாது, ஒரு வாரம் வேணும்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் கொட்டகைக்கு நடந்தார். நானும் செல்வமும் பின்னாலேயே போனோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்கு அடியில் குனிந்தார். ஒரு பக்கம் முழுவதும் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். விரலை விட்டு எண்ணுவது தெரிந்தது.

"நான் ஏழு பொட்டு வச்சேன்" என்றார்.

"ஆமா தங்கச்சி."

"ஒம்பது எடத்துல வடியுது."

நானும் குனிந்தேன். ஏழு இடத்தில் சிவப்பு. இன்னும் இரண்டு இடத்தில், மூலைக்குப் பக்கத்தில், நிறமே இல்லாத வெறும் தண்ணீர். கண்ணாடி மாதிரி வடிந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"செவப்பா வடியுறது எம்பொட்டு. வெறும் தண்ணியா வடியுறது யாரு வச்ச பொட்டுண்ணே?"

செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் பம்புசெட்டை நிறுத்தப் போகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டான். பம்புசெட் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

அந்த இரண்டும் நான் வைத்த பொட்டுகள். பசை காயும்வரை பலகைகளைப் பிடித்திருக்கிற கிளாம்பைப் போட்டு இறுக்குவேன் பாருங்கள், என் கைப்பிடியைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. மூலையில் பலகை கொஞ்சம் முரண்டு பிடித்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். பசை முழுவதும் வெளியே பிதுங்கி வந்துவிட்டது, உள்ளே மரமும் மரமும்தான் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. அலமாரியில் இப்படி இறுக்கினால் ஆணி காப்பாற்றிவிடும். படகில் ஆணியைச் சுற்றித்தான் தண்ணீர் வரும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தப்புச் செய்ததற்காக இல்லை, அது யாருக்கும் வருவதுதான். அடுத்தவர் தப்பு சிவப்பாகத் தெரிந்த உடனேயே நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். அந்த ஏழு இடத்தை மட்டும் சரிசெய்து வர்ணம் அடித்திருந்தால், மற்ற இரண்டும் அந்த மனிதரோடு சேர்ந்து நடுக் கண்மாய்க்குப் போயிருக்கும். அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவர் வந்து எண்ணியதால் தப்பித்தோம்.

"ரெண்டும் நாந்தான் தங்கச்சி. அளவுக்கு மீறி இறுக்கிட்டேன்" என்றேன். இந்த முறை பேச்சில் பெருந்தன்மை எதுவும் இல்லை.

"எண்ணெய் ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னா என்ன? நான் என்ன சாமியாடவா போறேன்? வெளிய வச்சுட்டுப் போயிருப்பேன்" என்றார். அப்புறம் சொந்தக்காரர்களுக்கு அவரே போன் போட்டார். "படகு ஒழுகுது. அடுத்த வாரம் வாங்க. அதிரசம் வேணும்னா இன்னைக்கே வாங்க." இதைவிடச் சுருக்கமாக ஒரு பிரச்சினையை ஊருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்பது இடங்களையும் சுரண்டி எடுத்தோம். எண்ணெய் போகத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மரத்தூளைப் பசையில் களி மாதிரி பிசைந்து அடைத்தோம். மேலே கண்ணாடி இழையால் நெய்த ஃபைபர் துணியை உள்ளும் புறமும் ஒட்டினோம். பசை தடவுவதற்கு முன்னால் பாண்டியம்மாள் மறுபடியும் தாம்பாளத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் நெற்றியில் ஒன்றும் செல்வம் நெற்றியில் ஒன்றும் வைத்துவிட்டார். "இங்க எதுவும் ஒட்ட வேண்டியதில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தண்ணீரை மறுபடியும் படகில் விட்டுப் பார்த்தோம். நான் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். பாண்டியம்மாள் மூன்று முறை பார்த்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது.

படகு கண்மாயில் இறங்கியது. கரை நிறையச் சனம். பாண்டியம்மாள் பட்டுச்சேலையில் வந்து, இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். செல்வம் துடுப்புப் போட்டான். பெரியகருப்பன் கரையில் என் பக்கத்தில் நின்று என் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். படகு நடுத் தண்ணீருக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. கரையைத் தொட்டதும் பெரியகருப்பன் ஓடிப்போய்க் குனிந்து சேலைக்கரையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஊரே விசிலடித்தது. அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். மனைவியை இறக்கிவிடக் கையை நீட்டினார்.

பாண்டியம்மாள் இறங்கவில்லை. திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகி வந்ததுலருந்து இந்தக் கரையில உக்காந்து துணி தொவைக்கிறேன்" என்றார். "அங்கருந்து பாத்தா நம்ம ஊரு இம்புட்டு அழகா இருக்கும்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்லையே." பிறகு செல்வத்தைப் பார்த்து, "அந்தத் துடுப்ப இங்க குடு தம்பி" என்றார்.

பத்து நாள் கழித்துப் பெரியகருப்பன் எனக்குப் போன் செய்தார். படகு ஒழுகுகிறதோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன்.

"ஒரு சொட்டு ஒழுகலண்ணே. காலையில அவதான் தீவனம் போடப் போறா, சாயங்காலமும் அவதான் போறா. நான் கரையில நின்னு மூட்டை எடுத்துக் குடுக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, இன்னொரு படகு செய்ய எம்புட்டு நாளாகும்?"